மூலிகைக் கஷாயமும் காய்ச்சும் முறையும்

ஊவா மாகாணத் தோட்டங்களில் தடிமனோ காய்ச்சலோ கண்டவிடத்து முதன்முதல் அடுப்பில் ஏறுவது கொத்தமல்லிக் கஷாயமேயாகும். கொத்தமல்லியுடன் இஞ்சியும், வெனிவெல் எனப்படும் மரமஞ்சள் தண்டும் சேர்த்து, எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காக வற்றும்வரை திறந்த பானையில் காய்ச்சுவது பலர் வழக்கம். லயக் காம்பரா முழுவதும் மணம் பரவினால் மருந்து நன்றாக இறங்கிவிட்டதென்பர். உண்மையில் அம்மணம் மருந்தின் ஒரு பகுதி பானையை விட்டு வெளியேறியதற்கு அடையாளமாகும்.

கொத்தமல்லி விதையில் லினலூல் என்னும் பொருளை மிகுதியாகக் கொண்ட எண்ணெய் உண்டு. இவ்வெண்ணெய் கொதிநீராவியோடு கலந்து எளிதில் பறந்துவிடும். இவ்வியல்பைக் கொண்டே யூக்கலிப்டஸ் இலையிலிருந்து தைலம் வடிக்கின்றனர். ஆங்கே ஆவியைக் குளிரச்செய்து தைலத்தைப் பிடித்துக்கொள்வர். இங்கே அது கூரை வழியே போகின்றது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்வோர்க்கு இது புதிதன்று. யூலை முதல் செத்தெம்பர் வரை வீசும் வறண்ட காற்றினால் ஊவாத் தேயிலைக்கு உண்டாகும் மணமும், உலர்த்தும் சூடு மிஞ்சினாற் கெட்டுவிடும்.

மரமஞ்சள் இதற்கு நேர்மாறானது. அதன் நிறத்துக்கும் கசப்புக்கும் முதன்மைக் காரணமாகிய பேர்பெரின், குளிர்ந்த நீரில் அரிதாகவே கரையும். கொதிநீரில் நன்றாகக் கரையும். தண்டு வைரமானதாகையால் நீர் உட்புகுவதற்கும் நேரம் செல்லும். பெருந்துண்டாக இட்டாலோ, உட்பகுதி கரையாமலே எறியப்படுகின்றது. காடுகளில் அருகிவரும் கொடியை இவ்வாறு வீணாக்குதல் தகாது.

ஆகவே இரண்டையும் ஒருங்கே அடுப்பிலேற்றுதல் பிழையாகும். மரமஞ்சளைச் சிறு சீவல்களாக்கி முதலில் நீரிலிட்டுக் காய்ச்சுதல் வேண்டும். நீர் வேண்டிய அளவுக்கு வற்றியபின், இடித்த கொத்தமல்லியை இட்டு உடனே மூடி, பானையை இறக்கி, பத்து நிமிடம் சென்றபின் வடிக்கலாம். மூடியின் உட்புறத்தில் திரண்ட துளிகளையும் கஷாயத்தில் விடுக; மணமுள்ள எண்ணெய் அவற்றிலும் உண்டு. பதுளை நகரில் நீர் ஏறக்குறைய 98 பாகை செல்சியசிலும், உயரமான அப்புத்தளையில் ஏறக்குறைய 95 பாகையிலும் கொதிக்கும். ஆதலால் மேட்டுத் தோட்டங்களில் வைரமான தண்டுகளைச் சற்றுக் கூடிய நேரம் காய்ச்சுதல் நன்று.

பச்சை இஞ்சிக்குப் பதிலாகச் சுக்கை அதே அளவில் இடுவோர் உளர். இஞ்சியை உலர்த்தும்போது அதிலுள்ள ஜிஞ்சரோலின் ஒரு பகுதி, கூடிய உறைப்புடைய ஷோகயோலாக மாறுகின்றது. ஈரமும் போய்விடுவதால் சுக்கு சிறிதளவே போதும்.

பிபிலை, நில்கலைப் பக்கத்துப் புல்வெளிகளில் நெல்லி, கடுக்காய், தான்றி ஆகிய மூன்றும் காணப்படும். இவற்றுள் நெல்லியின் விற்றமின் சீ நெடுநேரச் சூட்டில் அழிவதால், அதனைப் பச்சையாக உண்பதே சிறந்தது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் கொதிநீரில் நன்கு இறங்கும். ஆயின் இரும்புச் சட்டி ஆகாது. இரும்பிற் பட்ட தேயிலைச் சாயம் கறுப்பதுபோலக் கடுக்காய்க் கஷாயமும் கறுத்துவிடும், மட்பாண்டமே ஏற்றது. மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமினோ நீரில் ஏறத்தாழக் கரையாது. பாலிலும் நெய்யிலும் உள்ள கொழுப்பு அதனைக் கரைக்கும்.

முறையாகக் காய்ச்சிய மரமஞ்சட் கஷாயத்தில் பேர்பெரின் முன்னிலும் கூடுதலாக இருக்கும் என்பதை மறத்தலாகாது. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், பிறந்த குழந்தைகளுக்கும் அதனைக் கொடுத்தல் கூடாது. பச்சிளங் குழந்தையின் மஞ்சட்காமாலையை அது ஆபத்தான நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும். கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்துக்கு வெனிவெல் குடித்தால் ஏற்பு வராதென்னும் நம்பிக்கையும் பல இடங்களில் உண்டு. எம்முறையிற் காய்ச்சினும் அக்கஷாயம் ஏற்புத் தடுப்பூசிக்கு ஈடாகாது. காயப்பட்டவர் காயத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.