மருந்துக்கு அடங்காத குடற்புழு

தென்பெண்ணையாறு பாயும் நம் மூங்கில்துறைப்பட்டில் கரும்புக்கு ஆலை உண்டு. நிலமில்லாத வீட்டாருக்கோ கொட்டகையில் கட்டியிருக்கும் நாலைந்து ஆடுகளே சொத்து. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும், எதிர்பாராமல் வரும் மருத்துவச் செலவுக்கும் கைகொடுப்பவை அவையே. வெள்ளாட்டை ‘ஏழையின் பசு’ என்பது இதனால்தான். 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு விலையில்லா ஆடுகள் வழங்கத் தொடங்கியதும் இதனை உணர்ந்தே.

அப்படிப்பட்ட ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தும் புழு சாகவில்லையென்றால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன? உலகெங்கும் ஆடு, குதிரை வளர்ப்போரைக் கலங்கச் செய்துள்ள இச்சிக்கலைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

இரத்தம் குடிக்கும் புழு

ஆட்டின் புழுக்களில் மிகக் கொடியது ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்பது. குடற்புழு என்று பொதுவாகச் சொன்னாலும், இது தங்குவது ஆட்டின் நான்காம் இரைப்பையில். இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ள இப்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தைக் குடிக்கிறது. அற்பம் என்று எண்ண வேண்டாம். ஆயிரம் புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர் போய்விடும். 20 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் மொத்த இரத்தமே ஒன்றரை லிட்டருக்கும் குறைவு! ஆடு சோகை பிடித்து வெளிறும். தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கும். சில சமயம் திடீரென்று மடிந்தும் விடும்.

பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். அவை புழுக்கையோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஒரு வாரத்திலேயே தொற்றக்கூடிய இளம்புழுக்களாகின்றன. பனித்துளியின் ஈரத்தில் புல்லின்மேல் ஏறிக் காத்திருக்கின்றன. மேயும் ஆடு அவற்றையும் சேர்த்து விழுங்குகிறது.

மருந்து தோற்பது எப்படி?

மருந்து புழுவைப் பழக்கி வலுவாக்குகிறது என்று பலர் நினைக்கின்றனர். உண்மை வேறு. ஆயிரம் புழுக்களில் பத்துப் புழுக்களுக்கு மட்டும் பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் தன்மை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மருந்து கொடுத்தவுடன் 990 மடிகின்றன, பத்து பிழைக்கின்றன. இனி அந்த ஆடு இடும் முட்டைகள் யாவும் அந்தப் பத்தின் வாரிசுகளே. மீண்டும் மீண்டும் அதே மருந்தைக் கொடுத்தால் சில ஆண்டுகளில் மேய்ச்சல் நிலம் முழுவதும் அடங்காப் புழுக்களாகிவிடும்.

அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் ஆகியவை பென்சிமிடசோல் என்னும் ஒரே குடும்பத்து மருந்துகள். புழுவின் உயிரணுக்களிலுள்ள ட்யூபுலின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு அவை வேலை செய்கின்றன. அப்புரதத்தில் ஒரே ஒரு கண்ணி மாறியிருந்தாலும் மருந்தின் பிடி நழுவிவிடுகிறது. ஆகவே டப்பாவின் பெயரை மாற்றி அதே குடும்பத்து மருந்தையே வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை.

உலகம் கண்ட அனுபவம்

இக்குடும்பத்தின் மூத்த மருந்தாகிய தயாபெண்டசோல் 1961ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1964ஆம் ஆண்டிலேயே அதற்கு அடங்காத ஆட்டுப்புழுவை அமெரிக்காவில் கண்டுவிட்டனர். அதே பத்தாண்டுகளில் குதிரைகளின் குடலில் வாழும் சிறு புழுக்களும் அம்மருந்தை எதிர்க்கத் தொடங்கின. இன்று பல நாடுகளின் குதிரைப் பண்ணைகளில் பென்சிமிடசோல் மருந்துகள் பயனற்றுப்போயின. பின்னர் 1981ஆம் ஆண்டில் ஐவர்மெக்டின் விற்பனைக்கு வந்தது. அதைக் கண்டறிந்த அறிஞர்கள் 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் 1980கள் முடிவதற்குள் அதற்கும் அடங்காத ஆட்டுப்புழுக்கள் தென்னாப்பிரிக்காவில் தோன்றிவிட்டன.

நம் நாடும் விலக்கன்று. இந்தியச் செம்மறிகளில் தயாபெண்டசோலை எதிர்க்கும் புழு பற்றிய செய்தி 1976ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. தென்னிந்தியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை எதிர்க்கும் ஹீமாங்கஸ் புழு இருப்பதை 2009ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஆடுகள் சந்தைக்குச் சந்தை கைமாறுகின்றன. அவற்றோடு புழுக்களும் ஊர் மாறுகின்றன. ஆகவே கல்வராயன் மலையடிவாரத்தில் வாழும் நாமும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

நாம் செய்யத் தக்கவை

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். புழு மருந்திலோ அளவு குறைந்தாலும் கேடுதான். அரைகுறை மருந்து பலவீனமான புழுக்களைக் கொன்று, வலிய புழுக்களை வாழவைக்கிறது. ஆகவே எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஆட்டைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு நம் எடையைக் கழித்தால் போதும். வெள்ளாட்டின் உடல் மருந்தைச் செம்மறியைவிட விரைவாகக் கழித்துவிடும்; எனவே அளவைக் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும்.

மருந்து கொடுக்கும் முன்பும், கொடுத்த பத்து முதல் பதினான்கு நாட்களிலும் சாணத்தைச் சோதித்து முட்டைகளை எண்ணினால் மருந்து வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். சந்தையில் வாங்கிய ஆட்டை உடனே மந்தையில் சேர்க்காமல் தனியே கட்டி வைத்துச் சோதிக்க வேண்டும். பனி உலர்ந்த பின்பே மேய்க்க வேண்டும். அகத்தி, சூபாபுல் போன்ற மரத்தழைகளைக் கட்டித் தொங்கவிட்டுக் கொடுப்பதும் நல்லது. புல்லடியில் இருக்கும் இளம்புழு அவ்வளவு உயரம் ஏறாது.

இவற்றுள் தலையாயது ஒன்றுண்டு. எல்லா ஆடுகளுக்கும் கண்மூடித்தனமாக மருந்து புகட்டாமல், தேவையானவற்றுக்கே கொடுப்பது. தென்னாப்பிரிக்க அறிஞர்கள் இதற்கென ஃபமாச்சா என்னும் ஐந்து நிற அட்டையை உருவாக்கினர். ஆட்டின் கீழ் இமையை மெல்ல இறக்கி, உட்புற நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பாக இருந்தால் மருந்து தேவையில்லை. வெளிறியிருந்தால் உடனே கொடுக்க வேண்டும். மருந்து பெறாத ஆடுகளில் மருந்துக்கு அடங்கும் புழுக்கள் உயிரோடு இருக்கும். அவை அடங்காப் புழுக்களோடு கலப்பதால் எதிர்ப்புத் தன்மை மெதுவாகவே பரவும். மருந்தின் ஆற்றலும் நெடுநாள் நிலைக்கும்.

மாணவியரே, ஒரு சொல். 2015ஆம் ஆண்டு முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் நமக்குத் தரும் மாத்திரையும் அல்பெண்டசோல்தான். நம் புழு வேறு, ஆட்டின் புழு வேறு. எனவே அஞ்சாமல் ஆசிரியை சொல்லும் முறைப்படி அதை உட்கொள்வோம். வீட்டிலிருந்தால் ஆட்டுக்கும் பாதி என்று மட்டும் எடுத்துச் செல்ல வேண்டாம்!

மருந்தின் ஆற்றல் ஊருக்கெல்லாம் பொதுவான செல்வம். ஒருவர் வீணாக்கினால் அண்டை வீட்டு ஆடும் மடியும். நல்ல ஆயன் தன் மந்தையை வெறும் எண்ணிக்கையாகக் காண்பதில்லை. ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியே அறிந்திருக்கிறான். அந்த அன்புள்ள பார்வையோடு ஆட்டின் கண்ணை உற்று நோக்கக் கற்போம். வீட்டிலுள்ளோருக்கும் கற்றுக்கொடுப்போம்.