ஓடும் பிள்ளையும் நாற்பது பக்கக் கொப்பியும்

றொசல்லைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் லயத்திலிருந்து ஹட்டனுக்குப் படிக்க வரும் பதினைந்து வயது மாணவன் ஒருவன், சென்ற ஆண்டு இல்ல விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். மறுநாள் அவன் தந்தையார் என்னைத் தேடி வந்தார். மகிழ்ச்சியோடு வந்திருப்பார் என்றெண்ணினேன். அவரோ, “ஐயா, பயல் இனிமேல் ஓட்டம் ஓட்டம் என்று திரிந்தால் சாதாரண தரப் பரீட்சை என்னாவது? என்னைப்போல அவனும் மலைக்குத்தான் போகவேண்டுமா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. விடையாக நான் அவருக்கு ஒருவர் கதையைச் சொன்னேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் உயரம் பாய்தலில் பங்குபற்றியபோது அவருக்கு வயது பதினேழு. 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்குக்கும் சென்றார். பின்னர் அமெரிக்கா சென்று, லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டே பயிற்சியையும் தொடர்ந்தார். 1958இல், இலங்கையில் இனக்கலவரம் மூண்டிருந்த அதே நாட்களில், டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் தாண்டி, இந்நாட்டுக்கு ஆசியப் போட்டியின் முதலாவது தங்கப் பதக்கத்தைக் கொணர்ந்தார். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. அத்தோடு நில்லாது கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பாய்ச்சல் அவருடைய படிப்பைத் தின்றுவிடவில்லை.

“அவர் பெரிய ஆள், ஐயா” என்றார் தந்தையார். அதுவும் உண்மையே. ஆகவே சிறியதொன்றிலிருந்து தொடங்கினோம். பையனிடம் உன் இலக்கு யாது என்று கேட்டேன், “ஒலிம்பிக்” என்றான். அடுத்த தவணைக்கு என்ன என்றேன். “பக்கத்துப் பாடசாலைப் பையனை வெல்வது” என்றான். மற்றவன் எவ்வளவு விரைவாக ஓடுவான் என்பது நம் கையில் இல்லையே! அவனுடைய அன்றைய நேரம் 2 நிமிடம் 24 விநாடி. தவணை முடிவதற்குள் அதை 2 நிமிடம் 20 விநாடியாக்குவது என்று எழுதிக்கொண்டோம். நாற்பது பக்கக் கொப்பியொன்றில் திகதி, ஓடிய தூரம், எடுத்த நேரம், உறங்கிய மணி ஆகியவற்றை நாடோறும் குறிக்க வேண்டும். கடைசி நிரலில் கணிதத்தில் பெற்ற புள்ளி.

இந்தக் கொப்பி என் சொந்தத் தவற்றிலிருந்து பிறந்தது. சில ஆண்டுகளுக்கு முன், வலயப் போட்டிக்கு முந்திய மூன்று வாரமும் ஒரு மாணவியை ஓய்வின்றி ஓடவிட்டேன். முழந்தாளுக்குக் கீழே எலும்பு வலி கண்டு, போட்டியன்று அவள் மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தாள். குறுக்குப் பாதையில் ஏறி வருவதே நம் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. அதைக் கணக்கிற் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. மலை ஏறுவது மூச்சை வளர்க்கும். ஆனால் சரிவில் விரைந்து இறங்குவது முழங்காலையும் கெண்டைத் தசையையும் வருத்தும். இப்போது வாரத்தில் இரு நாட்கள் முழு ஓய்வு, ஒரு நாள் மட்டுமே கடும் ஓட்டம். வட்டவளைப் பக்கம் மே மாதத்துக்குப் பிறகு மழை விடாது என்பது யாவரும் அறிந்ததே. அந்நாட்களில் மண்டபத்துக்குள் தசைப்பயிற்சி செய்தாற் போதும்.

உணவைப்பற்றி நீண்ட உபதேசம் செய்ய எனக்கு வாய் வருவதில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் வரும் தாயாரிடம் நாளுக்கு இரண்டு முட்டை கொடுங்கள் என்று சொல்வது எளிது. ரொட்டியோடு சம்பல் மட்டும் இருக்கும் தட்டில் பருப்பும் கீரையும் நெத்தலியும் இயன்றபோது சேரட்டும். வெறுந்தேநீரோடு மட்டும் காலையில் ஓடவிட வேண்டாம்.

இலக்கு மாறுவதும் தோல்வியன்று. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளராக இருந்த முத்தையா முரளிதரன், பதினான்காம் வயதளவில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோவின் சொற்கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். 2010இல் காலியில் அவர் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தியதை யார் அறியார்? நூறு மீற்றரில் பின்தங்கும் பிள்ளையை நீளம் பாய்தலிலோ அஞ்சலோட்டத்திலோ இட்டுப் பார்க்கலாம்.

தந்தையார் கேட்ட பரீட்சை விடயத்துக்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பெறுபேற்றின் வழியே கிடைப்பது. விளையாட்டில் மிக உயர்ந்த சாதனை புரிந்தோருக்கென மிகச் சிறியதொரு பங்கு ஒதுக்கப்படுகிறது. அதற்கும் உயர்தரத்திற் குறைந்தபட்சத் தகைமை வேண்டும். சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானத்துக்கே பட்டப்படிப்பு உண்டு. எப்படியாயினும் படிப்பைக் கைவிட்ட ஓட்டக்காரனுக்கு அக்கதவுகள் திறப்பதில்லை. கோட்டம், வலயம், மாகாணம் என ஒவ்வொரு மட்டத்திலும் பெற்ற சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு வைப்பதும் அவசியம். கூரை ஒழுகும் லயங்களில் நனைந்து அழிந்த சான்றிதழ்கள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாந் தவணையிற் பையனின் கணிதப் புள்ளி பன்னிரண்டு குறைந்தது. கொப்பியைப் பார்த்தோம், உறங்கிய மணியும் குறைந்திருந்தது. பதினைந்து நாள் ஓட்டத்தை நிறுத்தினோம். அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். தவணை முடிவில் 2 நிமிடம் 19 விநாடியில் ஓடினான். கணிதமும் பழைய இடத்துக்கு வந்தது.

ஞாயிறு காலையில் தோட்டத்து மைதானத்தில் கடிகாரத்தைப் பிடிப்பவர் இப்போது அந்தத் தந்தையார்தாம். அவர் ஒரு விநாடி கூட்டியே குறிக்கிறார் என்று மகன் என்னிடம் முறையிடுகிறான்.