சத்திரத்துத் திண்ணையும் விடுதியின் முற்றமும்

வழிப்போக்கர் விடுதியின் அமைப்பைத் தீர்மானிப்பது கொத்தனாரின் கைத்திறன் மட்டுமல்ல. செலவை யார் ஏற்கிறார் என்பதும்தான். லண்டன் சவுத்வார்க்கில் 1677இல் திரும்பக் கட்டப்பட்ட ஜார்ஜ் விடுதியைப் பாருங்கள். தெருவைப் பார்த்து அது உட்காரவில்லை. சந்துக்குள் நுழைந்தால் வண்டி நிற்கும் முற்றம், அதைப் பார்த்தபடி மாடித் தாழ்வாரங்கள். காசு கொடுத்துத் தங்குகிறவரையும் அவர் சரக்கையும் காப்பது விடுதிக்காரர் பொறுப்பு. ஆகவே கட்டடம் உள்முகமாகத் திரும்பிக்கொள்கிறது. நம் சத்திரமோ மானிய நிலத்தின் வருமானத்தில் நடந்தது. கணக்குத் தீர்க்காமல் யார் நழுவினார் என்று பார்க்க வேண்டியதில்லை. அதனால் சாலையை ஒட்டித் திண்ணை, பக்கத்தில் கிணறு, சற்றுத் தள்ளிச் சுமைதாங்கி. நட்ட இரண்டு கற்கள்மேல் தோள் உயரத்தில் ஒரு பலகைக்கல். தலைச்சுமையை இறக்கவும் மறுபடி ஏற்றவும் துணைக்கு ஆள் தேட வேண்டாம். இத்தனை சிக்கனமான கட்டடக்கலை வேறெங்கும் உண்டா என்பது சந்தேகமே.

யாத்திரிகர்களுக்காகக் கிறிஸ்தவத் துறவியரும் விடுதி கட்டினார்களே என்று கேட்கலாம். கட்டினார்கள். குளோஸ்டரில் பதினைந்தாம் நூற்றாண்டில் ஒரு மடம் எழுப்பிய நியூ இன் இன்றும் இருக்கிறது. ஆனால் அதுவும் கட்டணத்துக்கு இடம் தந்த விடுதிதான். அதே முற்றம், அதே தாழ்வாரம். இன்னொரு ஆட்சேபம் கனமானது: நம் சத்திரம் எல்லோருக்கும் திறந்திருந்ததா? சாதி பாராமல் சோறிடுவதாகத் தஞ்சை சரபோஜி மன்னர் 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்கு எழுதினார். என்றாலும் பல சத்திரங்களில் பந்தியும் சமையற்கட்டும் தனித்தனி. திண்ணை ஊருக்குப் பொது, உள்கட்டு அப்படியல்ல. இதை மறைத்துச் சத்திரப் பெருமை பேசுவது நேர்மையாகாது.

ரயில் வந்ததும் ஆங்கில விடுதி, சத்திரம் இரண்டுக்கும் அடி விழுந்தது. ஜார்ஜ் விடுதியின் பெரும்பகுதியை ஒரு ரயில் கம்பெனியே இடித்தது. எஞ்சியது 1937இல் நேஷனல் டிரஸ்டிடம் போய், இன்றும் பீர் விற்றுப் பிழைக்கிறது. இங்கே 1923இல் நெல்லையிலிருந்து ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது; சாலையோரச் சத்திரங்களில் தங்குவோர் குறைந்தார்கள். கல்லாப்பெட்டி இல்லாத கட்டடத்துக்கு மானியம்தான் உயிர். அது கைமாறினால் ஓடு சரிய அதிக காலம் ஆகாது. பாதயாத்திரைக் கூட்டமோ ஆண்டுதோறும் திருச்செந்தூர்ச் சாலையில் நடந்துகொண்டுதான் இருக்கிறது, பந்தல் நிழலில் இளைப்பாறி. பழைய சத்திரங்களைப் பழுதுபார்க்க நினைக்கும் அதிகாரிகள் சுண்ணாம்புக்கு டெண்டர் விடுமுன், அவற்றுக்கு எழுதிவைத்த நிலம் எங்கே என்று பத்திரத்தைப் பிரித்துப் பார்க்கட்டும்.