சத்து மாத்திரைக்குக் கூச்சமில்லை

மனச்சிதைவுக்காரர் வீட்டில் ஒளித்து வைக்கப்படாத மாத்திரை ஒன்று உண்டு: பி காம்ப்ளக்ஸ். மனச்சிதைவு மருந்துகளான ரிஸ்பெரிடோனும் ஒலான்ஸபைனும் பீரோவுக்குள் போய்விடும். சத்து மாத்திரை மட்டும் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்திலேயே கிடக்கும். மதுரையானாலும் உசிலம்பட்டியானாலும், கேட்பவர்களுக்குச் சொல்ல ‘நரம்புத் தளர்ச்சி’ இருக்கவே இருக்கிறது.

இதில் கூச்சம் பாதிதான்; மீதிக் காரணம் வேறு. மருந்து காதில் கேட்கும் குரல்களை அடக்கிவிடுகிறது. ஆனால் பிள்ளை குளிக்காமல், பேசாமல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். பெற்றவள் கண்ணுக்கு அது சத்தில்லாத உடம்பு. “அந்த மருந்தை நிறுத்திட்டு சத்து மாத்திரை மட்டும் குடுத்தா போதாதா டாக்டர்?” என்று கேட்கிறாள்.

மருத்துவர்களுக்கே வந்த ஆசைதான் இது. 1950களில் கனடாவின் சஸ்காட்செவனில் ஆபிரகாம் ஹாஃபரும் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும் மனச்சிதைவுக்கு நியாசின் என்ற பி வைட்டமினைக் கிராம் கணக்கில் கொடுத்தார்கள். காரணமில்லாமல் இல்லை. நியாசின் குறைந்தால் வரும் பெலக்ரா நோயில் புத்தியும் தடுமாறும். நியாசின் கொடுத்தால் தெளியும். நம் தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் இந்த நோய் இருந்தது. சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலத்தின்மீது 1960இல் சந்தேகத்தைத் திருப்பியவர்கள் ஐதராபாத்தின் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும். ஆனால் மனச்சிதைவு பெலக்ரா அல்லவே! பிந்தைய ஆய்வுகளில் நியாசின் தேறவில்லை; 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழு அதை நிராகரித்தது.

வைட்டமின் கதை அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2017இல் மான்செஸ்டரின் ஜோசப் ஃபிர்த் குழுவினர் 18 ஆய்வுகளை, 832 நோயாளிகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பி6, பி12 போன்றவற்றை அதிக அளவில் கொடுத்த ஆய்வுகளில் அறிகுறிகள் ஓரளவு குறைந்திருந்தன; குறைந்த அளவு உதவவில்லை. கவனியுங்கள்: வழக்கமான மருந்தோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். மருந்துக்குப் பதிலாக அல்ல. அதிக அளவு என்றதும் மெடிக்கலில் தானாக வாங்கி விழுங்கவும் கூடாது. பி6 அளவு மீறி மாதக்கணக்கில் போனால் கைகால் மரத்துப்போகும்.

என்னைக் கேட்டால், முடங்கிக் கிடப்பவனை எழுப்ப மாத்திரையைவிட வேலைதான் மேல். மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் மதுரையில் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற இடங்களில் மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்கிறது.

அதோடு, பி12 அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையையும் தட்டிக்கழிக்காதீர்கள். பி12 மிகவும் குறைந்தால் அதுவே மனக்குழப்பத்தையும் பிரமையையும் கொண்டுவரும்; சுத்த சைவக்காரர்களுக்கு இந்தக் குறைவு எளிதில் வரும். ஒலான்ஸபைனால் ஏறும் எடைக்கும் சர்க்கரைக்கும் தரப்படும் மெட்ஃபார்மின்கூட நாளடைவில் பி12ஐக் குறைக்கும். குறைந்திருந்தால் ஊசி போட்டுக்கொள்ளட்டும். பீரோவில் இருக்கும் மாத்திரையும் வேளை தவறாமல் போகட்டும்.

(தொடரும்)