வாக்குச்சீட்டும் வகுப்பறையும்



முதலில் மக்களுக்குக் கல்வி கொடுத்து, அதன் பின்னர் ஆட்சியில் பங்கு கொடுப்பதா? அல்லது முதலில் ஆட்சியில் பங்கு கொடுத்து, அதன் வழியே கல்வியைக் கொணர்வதா? கல்வித் தத்துவத்தையும் ஜனநாயகத்தையும் சேர்த்து ஆராய்வோர் யாவரும் எதிர்கொள்ளும் பழைய வினா இது. கிரேக்க ஞானி பிளேட்டோ, ஆளும் தகுதி நீண்ட கல்வியால் பண்பட்ட சிலருக்கே உரியது எனக் கருதினார். கி.மு. 399இல் தம் ஆசான் சோக்கிரதீசுக்கு ஏதென்சு மக்களின் நீதிமன்றமே மரணதண்டனை விதித்ததைக் கண்டவர் அவர். பலர் கூடி எடுக்கும் முடிவு நல்ல முடிவாகத்தான் இருக்கும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. அமெரிக்கக் கல்வியறிஞர் ஜோன் டூயி 1916இல் வெளியிட்ட 'ஜனநாயகமும் கல்வியும்' என்னும் நூலில் வேறொரு வழியைக் காட்டினார். அவர் கருத்தில் ஜனநாயகம் என்பது ஓர் ஆட்சி முறை மாத்திரமன்று. மனிதர் கூடி வாழ்ந்து, தம் அனுபவத்தை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளும் வாழ்க்கை முறையுமாகும். அவ்வாழ்க்கையைப் பழகும் இடமே பாடசாலை.

இவ்விருவருள் யார் கூற்று மெய்யென்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. நம் இலங்கையின் வரலாறே அதனைச் சோதித்துக் காட்டியிருக்கின்றது.

1931ஆம் ஆண்டுக்கு முன் இந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு நால்வர் அளவினரே வாக்காளராயிருந்தனர். சொத்தும் வருமானமும் எழுத்தறிவுமே அவ்வுரிமைக்கு வாயிலாக இருந்தன. டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசுகளைத் தொடர்ந்து, 1931இல் நடைபெற்ற அரசாங்க சபைத் தேர்தலில் இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களிக்கலாயினர். அன்று சர்வசன வாக்குரிமையை எதிர்த்தோருள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். அவர் கல்வியின் பகைவரல்லர். பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், ஆண்களுக்கெனப் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவிய பெருமகன் அவரே. கல்விக்கு அள்ளிக் கொடுத்த அந்தக் கைகள் வாக்குச்சீட்டைக் கொடுக்கத் தயங்கின. அவ்வளவு வலிமை வாய்ந்த எண்ணமாக இருந்தது, 'முதலிற் கல்வி, பின்னர் உரிமை' என்பது.

ஆயினும் நிகழ்ந்தது என்ன? வாக்கு வந்தது; அதன் பின்னரே பாடசாலை பெருகியது. பாமர மக்களின் வாக்கை நாடி நிற்கவேண்டிய நிலை வந்ததும், அவர்தம் பிள்ளைகளின் கல்வி அரசியலின் முதற் கடமைகளுள் ஒன்றாயிற்று. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1867இல் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை கிடைத்தது; மூன்றே ஆண்டுகளில், 1870இல், ஆரம்பக் கல்விச் சட்டம் பிறந்தது. கல்வி வரட்டும் எனக் காத்திருந்தால் வாக்கும் வந்திராது. வாக்கு இல்லாதவிடத்துக் கல்வியும் வந்திராது.

இதன் மறுபக்கத்தையும் நாம் காணல் வேண்டும். வாக்கு வந்தால் பாடசாலை வரும் என்றால், வாக்குப் பறிக்கப்படின் என்னாகும்? அதற்கும் நம் நாடே விடை தருகின்றது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலையகத் தமிழரின் வாக்குப் பலத்தால் இலங்கை இந்திய காங்கிரசு ஏழு ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அம்மக்களுட் பெரும்பாலோரைக் குடியுரிமையும் வாக்கும் அற்றவராக்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் சார்பில் ஓர் உறுப்பினர் தானும் தெரிவாகவில்லை. நாடெங்கும் இலவசக் கல்வியின் வெள்ளம் பாய்ந்த அக்காலத்தில், தோட்டப் பாடசாலை மாத்திரம் கரையில் ஒதுங்கி நின்றது. பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். ஐந்தாம் வகுப்புக்கு மேற் செல்ல வழியில்லை. கேட்பதற்கு வாக்கில்லாத பெற்றோரின் பிள்ளைகளுக்காகக் கேள்வி கேட்பார் எவரும் இலர். தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசின் வசமான பின்னரே, அப்பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கக் கல்வி முறைக்குள் வந்தன. 1977இல் மலையக மக்களின் தலைவர் தொண்டமான் அவர்கள் மீண்டும் தேர்தல் மூலம் நாடாளுமன்றம் புகுந்ததும், குடியுரிமை சிறிது சிறிதாகத் திரும்பியதும், பாடசாலைகள் வளர்ந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்து நிகழ்ச்சிகள். எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே முடிவு கட்டிற்று.

இவ்வரலாறு வன்னியில் வாழும் நமக்கு ஏட்டுச் செய்தியன்று. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல, தர்மபுரம் உட்படக் கிளிநொச்சி மாவட்டத்துக் குடியேற்றங்களில் காடு வெட்டிக் குடிசை அமைத்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். பாட்டனார் ஐந்தாம் வகுப்போடு நின்றதேன் என்று ஒரு பிள்ளை வினவினால், அதற்குரிய விடை குடியியற் பாடத்திலேதான் இருக்கின்றது.

இங்கே இன்னொரு வினா எழுகின்றது. மலையக மக்களின் வாக்கைப் பறித்தது யார்? சர்வாதிகாரி ஒருவன் அல்லன். மக்கள் தெரிவு செய்த நாடாளுமன்றமே முறைப்படி விவாதித்துப் பெரும்பான்மை வாக்கால் அதனைச் செய்தது. கை உயர்த்தியோருள் உயர்ந்த பட்டங்கள் பெற்றோரும் இருந்தனர். தமிழ்ப் பிரதிநிதிகள் தாமும் இவ்விடயத்தில் ஒருமுகமாக நிற்கவில்லை. அப்பிளவின் வழியே 1949இல் செல்வநாயகம் அவர்கள் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஆகவே, வாக்கு மாத்திரம் போதாது; பட்டம் பெற்றுத் தரும் கல்வி மாத்திரமும் போதாது. பிளேட்டோவின் ஐயத்தை நாம் முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் காட்டிய பரிகாரத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. சிலரைத் தெரிந்தெடுத்து ஆளப் பழக்குவதினும், எல்லோரையும் ஒருவரையொருவர் மதிக்கப் பழக்குவதே தக்க பரிகாரம். கல்வித் தத்துவம் ஜனநாயகத்துக்குச் செய்யும் பணி இதுவே.

இப்பழக்கம் எங்கே தொடங்குகின்றது? வாங்கிலே தொடங்குகின்றது. 1930ஆம் ஆண்டளவில், எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சம ஆசனத்தில் இருத்தவேண்டும் என்ற விதி யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்கு வந்தபோது, அதைப் பொறாதோர் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். இரண்டு பிள்ளைகள் ஒரே வாங்கில் இருப்பதற்கா இத்தனை கோபம்? ஆம், அன்று எதிர்த்தோர் அவ்வாங்கின் பொருளை நன்கு உணர்ந்திருந்தனர். இன்று ஒரே வாங்கில் இருப்போர் நாளை ஒரே சபையிலும் இருக்கக் கேட்பர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். சம ஆசனம் பெறாத பிள்ளைக்குச் சம வாக்கு இருந்தும் பயன் குறைவே.

வாங்குக்கு அடுத்தது வினா. ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் மாணவன் பரீட்சையிற் சித்தியடையலாம். ஆனால் மேடையில் ஒருவர் உரக்கச் சொன்னதையும் அவன் அவ்வாறே திருப்பிச் சொல்வான். 'இதற்குச் சான்று யாது?' என்று வகுப்பறையில் வினவப் பழகியவனே வாக்குச்சாவடிக்குச் செல்லுமுன் தன் மனத்திலும் அவ்வினாவை எழுப்புவான்.

மூன்றாவது, சிறுபான்மையைக் கேட்கும் பண்பு. இன்று நம் பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் உண்டு. பிள்ளைகள் வாக்களித்துத் தம் உறுப்பினரைத் தெரிவு செய்கின்றனர். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பின்னேரத்தில் மைதானத்தை யார் பயன்படுத்துவது என்ற வினா வருகின்றது. கிரிக்கெட் ஆடுவோர் முப்பது பேர். வலைப்பந்து பழக விரும்பும் பெண்பிள்ளைகள் பன்னிருவர். வாக்கெடுத்தால் முப்பதே வெல்லும். பன்னிருவருக்கு ஒருநாளும் மைதானம் இல்லை. அவ்விடத்தில் நல்லாசிரியர், 'வாக்கு எண்ணியாயிற்று, கலைந்து செல்லுங்கள்' என்று கூறமாட்டார். 'அந்தப் பன்னிருவரில் நீயும் ஒருவராயின் எதனை நியாயம் என்பாய்?' என்று முப்பது பேரையும் வினவுவார். வாரத்தின் நாள்களைப் பங்கிட்டுக்கொள்ள அப்பிள்ளைகளே வழி காண்பர். எண்ணிக்கைக்கும் நியாயத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதில் உணர்ந்த பிள்ளை அதனை எளிதில் மறவாது. 1948இல் நாடாளுமன்றத்தில் எழுந்திருக்கவேண்டிய வினாவும் அதுவேயன்றோ?

இந்நாட்டில் 1959 முதல் பதினெட்டு வயதில் வாக்குரிமை உண்டு. ஆகவே, இன்று உயர்தர வகுப்பில் இருக்கும் மாணவர் பலர் பாடசாலையை விட்டு நீங்கும் முன்னரே வாக்காளராகின்றனர். பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, அவர்களுக்குச் சான்றிதழைத் தேடிக் கொடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. இவ்வுரிமையை ஒரு தலைமுறை பெற்றதும், இன்னொரு தலைமுறை இழந்ததும், மீண்டும் பெற்றதும் எவ்வாறென்று அவர்களுக்கு எடுத்துரைப்போமாக. தம் வாக்கைப் பேணுவதோடு, அயலவரின் வாக்கையும் தம்முடையதைப் போலவே பேணும் மனத்தை நம் வகுப்பறைகளில் வளர்ப்போமாக.