வாட்டும் தட்டும் நினைவகமும்

அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் மேல்மாடி பெரும்பாலும் கொழுந்தை வாட்டுவதற்கென்றே அமைந்ததாகும். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்து அங்கே ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் பரப்பி வாட்டப்பட்ட பின்னரே உருட்டும் இயந்திரத்துக்குச் செல்லும். கொழுந்து மிகுந்த பருவத்தில் தட்டில் இடம் போதாவிடின், இயந்திரம் எத்துணை விரைவுடையதாயினும் பயனில்லை; குவிந்த கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும். இணையத்தளத்தைத் தாங்கும் சேவையகத்தின் நினைவகமும் இத்தகையதே. வட்டு என்பது பண்டசாலை. செயலி என்பது உருட்டும் இயந்திரம். நினைவகமோ வேலை நடைபெறுவதற்கு விரித்து வைத்த தட்டு.

மெய்நிகர் தனிச் சேவையகம் என்பது, ஒரு பெரிய கணினியை மென்பொருளாற் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கணினிபோல் இயங்கச் செய்வதாகும். ஐ.பி.எம். நிறுவனம் 1972இல் அறிவித்த வி.எம். 370 பெருங்கணினிகளில் இம்முறையைக் கையாண்டது. 2007இல் லினக்ஸ் கருவிற் சேர்ந்த கே.வி.எம். சாதாரணக் கணினிகளிலும் இதனை எளிதாக்கிற்று. தோட்டத்து லயத்தை இதற்கு உவமை கூறலாம்: ஒரே கூரை, பல காம்பராக்கள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பராவிற் குடும்பம் பெருகினாலும் சுவர் நகராது. மெய்நிகர்ச் சேவையகத்தின் சுவரோ, வாடகையைக் கூட்டினால் நகரும். அதனாலேயே, நகர்த்துவது தேவைதானா என முதலில் ஆராய வேண்டியுள்ளது.

தோட்டப் பாடசாலை மாணவருக்குக் கடந்தகால வினாத்தாள்களை வழங்கும் தளமொன்றை ஆசிரியர் சிலர் தம் சொந்தப் பணத்தில் நடத்துவதாகக் கொள்வோம். சாதாரணதரப் பரீட்சை நெருங்கும் மாலைகளில் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே வருகின்றனர், தளம் திணறுகின்றது. சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று கைப்பேசியைப் பார்க்கும் மாணவிக்கு அந்த மாலை வீணாகின்றது.

முதலிற் பார்க்க வேண்டியது நினைவகக் கணக்கு. லினக்ஸில் ‘ஃப்ரீ’ என்னும் கட்டளை அதனைக் காட்டும். வெறுமையாயுள்ள அளவு சிறிதாயிருத்தல் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சும்மா கிடக்கும் இடத்தில் லினக்ஸ் கோப்புகளின் படிகளை வைத்திருந்து, தேவை வந்ததும் விட்டுக்கொடுக்கும். ‘கிடைக்கக்கூடியது’ எனப் பொருள்படும் பத்தியே கவனிக்கத்தக்கது. அது வற்றி, வட்டிலுள்ள மாற்றிடத்துக்கும் நினைவகத்துக்குமிடையே தரவுகள் ஓயாது சென்று வந்தாலோ, இடமின்மையால் இயக்குதளம் ஏதேனுமொரு நிரலை நிறுத்தியதாகப் பதிவேட்டிற் காணப்பட்டாலோ, குறை நினைவகத்தினதே. இவை இல்லையாயின் பிழையை வேறிடத்திலேயே தேட வேண்டும்.

2 கிகாபைட், அதாவது 2048 மெகாபைட் நினைவகத்தில் இயக்குதளமும் தரவுத்தளமும் 800 மெகாபைட்டை எடுத்துக்கொள்வதாகவும், பக்கங்களை ஆக்கித் தரும் பணிநிரல் ஒவ்வொன்றுக்கும் 60 மெகாபைட் வேண்டுமெனவும் கொண்டால், 20 பணிநிரல்களுக்கே இடமுண்டு. 40க்கு அனுமதி கொடுத்திருந்தால் தட்டு வழியும். அனுமதியை 20ஆகக் குறைத்தல் செலவற்ற மருந்து. சிலர் சற்றுக் காத்திருப்பர், தளமோ விழாது. காத்திருப்பு நீளுமாயின் 4 கிகாபைட்டாக உயர்த்துவது நியாயமே. அப்போது 50க்கும் இடமுண்டு.

உயர்த்துமுன் தளத்தின் முழுப் படியொன்றை வேறிடத்தில் எடுத்து வைத்தல் வேண்டும். பெரும்பாலும் சேவையகத்தை நிறுத்தி மீண்டும் இயக்க நேருமாதலின், வருகை குறைந்த நள்ளிரவே ஏற்றது. வட்டையும் சேர்த்துப் பெருக்கினால் சில நிறுவனங்களிற் பழைய சிறு திட்டத்துக்குத் திரும்ப இயலாது. பரீட்சைக் காலத்துக்கே தேவையெனின் நினைவகத்தை மட்டும் உயர்த்துதல் நன்று. பின்னர் அமைப்புகளையும் மாற்றுதல் வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் முதன்மைத் தாங்ககத்துக்கு இயல்பாக ஒதுக்கப்படுவது 128 மெகாபைட்டே. சேவையகம் வளர்ந்ததென்று அது தானாக வளர்வதில்லை. பணிநிரல்களின் எண்ணிக்கையும் அவ்வாறே.

புதுத் தட்டைக் கட்டிவிட்டுக் கொழுந்தைப் பழைய தட்டிலேயே குவிப்பார் எவருமிலர். வாங்கிய நினைவகத்தையும் முறையாகப் பங்கிட்டுக் கொடுத்த பின்னரே, மேட்டில் நிற்கும் அம்மாணவியின் கைக்கு வினாத்தாள் வந்து சேரும்.