பணம் பட்டாவுக்கு, பாடு குத்தகைக்காரருக்கு

நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமம். சம்பா நடவு முடிந்து களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்து கால் சேற்றை வழித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம், “பி.எம். கிசான் பணம் வந்துச்சாம்மா?” என்று கேட்டேன்.

“வந்திருக்கும் தம்பி. ஐயாவுக்கு வந்திருக்கும். அவரு மெட்ராஸ்ல இருக்காரு.”

ஐயா என்றது நிலக்காரரை. அஞ்சு மா நிலம். பன்னிரண்டு வருடமாக இந்த அம்மாவும் இவர் வீட்டுக்காரரும்தான் சாகுபடி. மாவுக்கு இத்தனை மூட்டை என்று வாய்ப்பேச்சில் குத்தகை. துண்டுச் சீட்டு கிடையாது. விதை, உரம், உழவுக் கூலி எல்லாம் இவர்கள் கைக்காசு. நகைக்கடன் இவர் பெயரில், பட்டா ஐயா பெயரில். கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்குக்கூட அவருடைய சிட்டா நகலை வாங்கி வரவேண்டியிருக்கிறது.

“ஏம்மா, குத்தகைன்னு எழுதித் தரச் சொல்லலாமே?”

“கேட்டா அடுத்த போகத்துக்கு நெலம் கெடைக்காது தம்பி.”

பி.எம். கிசான் என்பது நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு ஒன்றிய அரசு தரும் உதவித்தொகை: மூன்று தவணையாக வருடத்துக்கு 6,000 ரூபாய். 2019-இல் நிர்ணயித்த தொகை இன்றும் அதேதான். ஒரு தவணைப் பணத்தில் ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் இரண்டு மூட்டை யூரியாவும் வாங்கலாம். சென்னையில் இருப்பவருக்கு அது கணக்கில் ஏறும் ஒரு வரி. இந்த அம்மாவுக்கு அது வட்டிக்கு வாங்காத மேலுரம்.

இந்தத் திட்டத்தில் 2020-இல் தமிழ்நாட்டில் வெடித்த முறைகேட்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்ற பெயர்கள், ஏறக்குறைய 110 கோடி ரூபாய். நிலமே இல்லாதவர்கள் பெயரெல்லாம் பட்டியலில் ஏறியிருந்தது. அதன்பிறகு கெடுபிடி கூடியது. கூடட்டும், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு கெடுபிடியும் நிலம் யாருடையது என்பதையே துருவிப் பார்க்கிறது. அதில் நாற்று நட்டது யார் என்று கேட்பவர் இல்லை.

என் கவலையெல்லாம் இப்போது வந்திருக்கும் விவசாயி அடையாள எண் பற்றித்தான். பட்டாவையும் ஆதாரையும் இணைத்துத் தரப்படும் எண் அது. நாளைக்குப் பயிர்க்கடன், வெள்ள நிவாரணம், காப்பீடு எல்லாமே இந்த எண்ணைப் பிடித்துத்தான் போகும் என்றால், வாய்மொழிக் குத்தகைக்காரர் அரசின் கண்ணில் விவசாயியே இல்லை என்றாகிவிடும். இன்று கைநழுவுவது 2,000 ரூபாய். நாளை வயல் மூழ்கினால் நிவாரணமும் ஐயாவுக்கே போகும்.

எழுதிக்கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர்கள் அஞ்சுகிறார்கள். 1955-ஆம் ஆண்டு குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து எழும் அச்சம் அது. அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு வழியில்லாமல் இல்லை. ஆந்திரத்தில் 2019-இல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். பதினொரு மாத ஒப்பந்தம், கையில் ஓர் அட்டை. நிலத்தின் மீது எந்த உரிமையும் வராது. ஒடிசாவின் காலியா திட்டமும் நிலமில்லாத சாகுபடியாளரைச் சேர்த்துக்கொண்டது.

நம்மிடமும் சட்டம் இல்லாமலில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. பசலிக்குப் பசலி அடங்கல் எழுதுவதே எந்த வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்துக் குறிக்கத்தான். பயிரைப் பார்க்க வயலுக்கு வருபவர், அதை வைத்தவர் பெயரையும் கேட்டு எழுதலாம்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் வாசகர்களே, அடுத்த தவணை உங்கள் கணக்குக்கு வந்ததும் அந்த 2,000 ரூபாயை உங்கள் வயலில் நிற்பவருக்கு அனுப்பிவையுங்கள். கூடவே, பதினொரு மாதத்துக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.